அப்பா விட்டுப்போன ‘எஸ்டேட்’ எங்கே இருக்கிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பட்டணம் ஒன்றிலிருந்து 44 வயதுச் சகோதரி ஒருவர் ஏழு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பா 38 ஆண்டு பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் பால் எடுத்தவர். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலேயே வாழ்ந்து, ஓய்வுபெற்றதும் டவுனுக்கு வெளியே ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) சின்ன வீடு வாங்கிக் குடிவந்தார். போன ஆண்டு காலமானார். உயில் இல்லை. அம்மா இருக்கிறார். இவர் மூத்தவர், திருமணமானவர். கீழே இரண்டு தம்பிகள். கருமாதி முடிந்த மூன்றாம் மாதம் பேங்க்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மேலே ‘எஸ்டேட் ஆஃப்’, அடுத்து அப்பாவின் பெயர், அதற்கடுத்து ‘டிசீஸ்ட்’, இறந்தவர் என்று. அதைப் பார்த்ததும் சின்னத் தம்பி, “அப்பாவுக்கு எஸ்டேட் இருந்திருக்கு, நம்மகிட்ட சொல்லல” என்று ஆரம்பித்துவிட்டார். அம்மாவின் மைலோ டின்னில் 1970களின் கூட்டுறவுச் சங்கப் பங்கு ரசீதுகள் வேறு கிடைத்தன. போதாதா? காப்பிக்கடையில் ஒரு தரகர், “ரியல் எஸ்டேட்னா ராஜா கொடுத்த நிலம், 3,000 ரிங்கிட் கொடுங்க, மீட்டுத் தர்றேன்” என்று சொல்லி, எழுதாத தாளில் அம்மாவின் கைரேகை கேட்டிருக்கிறார். சித்தப்பா தன் பங்குக்கு மூன்று தீர்ப்பு சொன்னார்: முதலில் எஸ்டேட் டூட்டி கட்ட வேண்டும், அண்ணிக்குத் திருமணப் பத்திரம் இல்லாததால் பங்கு இல்லை, கட்டிக்கொடுத்த பெண்ணுக்கும் இல்லை.

“எஸ்டேட் எங்கே இருக்கிறது, எங்களுக்கு எவ்வளவு வரும், கடன் எங்கள் தலையில் விழுமா?” என்று கேட்கிறார் சகோதரி.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘எஸ்டேட்’ என்ற சொல்லுக்குக் கீழே உங்கள் தம்பி சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருக்கிறார். அதற்கு நாலு வரி கீழே, கோடு போடாத இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. அப்பா வாங்கிய தனிநபர் கடனில் 6,200 ரிங்கிட் பாக்கி, அதை யாரிடம் பேசித் தீர்ப்பது என்று பேங்க் கேட்டிருக்கிறது. அவ்வளவுதான்.

தம்பியைக் கோபிக்காதீர்கள். தோட்டத்தில் பிறந்த நமக்கு எஸ்டேட் என்றால் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டும், பால் பிடிக்கும் மங்கும், கணக்கெழுதும் கிராணியும், கித்தா என்ற ரப்பர்க் காடும்தான் ஞாபகம் வரும். சட்டப் படிப்பின் முதல் ஆண்டில் ‘இறந்தவரின் எஸ்டேட்’ என்று விரிவுரையாளர் சொன்னபோது, செத்தவர்கள் எல்லாம் துரைமார்கள்தானோ என்று நானும் நினைத்திருக்கிறேன். அதனால் முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். உங்கள் வீட்டுச் சண்டையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

நிலையிலிருந்து நிலத்துக்கு

எஸ்டேட் என்ற சொல்லுக்குத் தொடக்கத்தில் மண்ணோடு ஒரு தொடர்பும் இல்லை. லத்தீனில் ‘ஸ்டாட்டுஸ்’ என்றால் நிலை; நிற்பது என்ற வினையிலிருந்து வந்தது. நமக்கு நில் என்பதிலிருந்து நிலை வந்த மாதிரி. பழைய பிரெஞ்சுக்காரர்களுக்குச் சொல்லின் தலையில் ‘ஸ்ட’ வந்தால் நாக்கு புரளவில்லை, முன்னால் ஓர் எகரம் சேர்த்து ‘எஸ்டாட்’ ஆக்கினார்கள். என் பாட்டி “இஸ்டோர்ல பாலு எடை போட்டாச்சா? புள்ள இஸ்கூல் போயிருச்சா?” என்பார். அதே நாக்குதான். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய் ‘எஸ்டேட்’ ஆன சொல்லின் தலையைத் தட்டினால் ‘ஸ்டேட்’. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ‘ஸ்டேட்டஸ்’ நேராக லத்தீனிலிருந்து வந்த உறவுக்காரர்.

ஆக, முதலில் எஸ்டேட் என்றால் ஒருவர் இருக்கும் நிலை, அந்தஸ்து. பிறகு இங்கிலாந்துச் சட்டம் அதை நிலத்தின் பக்கம் இழுத்தது. அங்கே நிலம் எல்லாம் மன்னருடையது என்பது பழைய கொள்கை. குடிமகனுக்கு இருந்தது நிலத்தின்மேல் ஓர் உரிமைநிலை, இவ்வளவு காலத்துக்கு என்ற அளவோடு. ஆயுள் உள்ளவரைக்கும் என்றால் ‘லைஃப் எஸ்டேட்’. உரிமையின் பெயர் மெல்ல மெல்ல மண்ணுக்கே பெயராகி, பெரிய பண்ணைக்கும் மாளிகைக்கும் ஒட்டிக்கொண்டது. வெள்ளைக்காரர்கள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்து காட்டை அழித்துப் பயிரிட்டபோது அந்தப் பெயரையும் கொண்டுவந்தார்கள். இந்த நாட்டு விவசாயக் கணக்கில் 100 ஏக்கருக்குக் குறையாமல் இருந்தால்தான் எஸ்டேட், குறைந்தால் சிறுதோட்டம்.

சட்டம் இன்னொரு கிளையையும் வளர்த்தது. ஒருவர் கண்மூடும்போது அவர் பேரில் நிற்கும் அத்தனையும் சேர்ந்து அவருடைய எஸ்டேட். வீடு, பேங்க்குப் பணம், மோட்டார் சைக்கிள், பங்கு, வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய கடன், எல்லாம் இதில் அடங்கும். பேங்க் சொன்னது இந்த எஸ்டேட்டை. ஓர் ஏக்கர்கூட இல்லாதவருக்கும் இது உண்டு.

மலாய்க்காரர்களுக்கு இந்தக் குழப்பமே வராது. தோட்டத்துக்கு லாடாங், இறந்தவர் சொத்துக்கு ஹர்தா புசாக்கா, நிலம் வீடு விற்கிற தொழிலுக்கு ஹர்தானா என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். ‘ஹர்தா’ சமஸ்கிருத ‘அர்த்த’த்திலிருந்து வந்தது. அர்த்தம் என்றால் செல்வமும் உண்டு, சொல்லின் விளக்கமும் உண்டு. நம்முடைய ‘பொருள்’ மாதிரியே. எஸ்டேட்டுக்குப் பொருள் தெரியாமல் பொருளுக்குச் சண்டை வந்துவிட்டது உங்கள் வீட்டில்.

‘ரியல்’ என்றால் ராஜா இல்லை

தரகர் சொன்ன ராஜா கதை பல நாட்டிலும் உலாவுகிறது. ஸ்பானிஷ் மொழியில் ‘ரியல்’ என்ற எழுத்துக் கூட்டுக்கு அரசருடையது என்று அர்த்தம் உண்டுதான். ஆனால் ரியல் எஸ்டேட்டில் இருக்கும் ‘ரியல்’ அதுவல்ல. லத்தீனில் பொருளை, வஸ்துவைக் குறிக்கும் ‘ரெஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. பழைய இங்கிலாந்து நீதிமன்றங்களில் இரண்டு வகை வழக்கு. பிடுங்கப்பட்டது நிலமாக இருந்தால் அந்த நிலத்தையே திரும்பக் கேட்கலாம். அது ரியல் வழக்கு. மாடோ பாத்திரமோ போனால் பெரும்பாலும் நஷ்டஈடுதான். அது பெர்சனல் வழக்கு. அப்படித்தான் நிலமும் அதன்மேல் நிற்கும் கட்டடமும் ரியல் எஸ்டேட் ஆயின. நம் பத்திரங்களில் அசையாச் சொத்து என்று எழுதுகிறோமே, அதுதான். உங்கள் அப்பா விட்டுப்போன ரியல் எஸ்டேட் அந்தத் தாமான் வீடு ஒன்றுதான்.

இதே குடும்பத்தில் இன்னும் சில உருப்படிகள் உண்டு. வீடமைப்புப் பகுதி ஹவுசிங் எஸ்டேட், தொழிற்பேட்டை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட். இங்கிலாந்தில் வேகன் காருக்கு எஸ்டேட் கார் என்றே பெயர், பண்ணை மாளிகைக்கு ஆளையும் மூட்டையையும் ஏற்றிப்போன வண்டி என்பதால். எஸ்டேட் ஏஜென்ட் என்பவர் வீடு, நிலம் விற்றுக் கொடுப்பவர். இந்த நாட்டில் அவர் வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். உங்கள் காப்பிக்கடை ஆள் அப்படிப் பதிவு பெற்றவராகவே இருந்தாலும், இறந்தவர் சொத்தை மீட்டுத் தருவது அவர் வேலையே இல்லை. வழக்கறிஞர் அல்லாதவர் காசு வாங்கிக்கொண்டு சட்டப் பத்திரம் தயாரிப்பது 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டப்படி குற்றம். எழுதாத தாளில் கைரேகை என்பது அதைவிட ஆபத்து. நாளைக்கு அந்தத் தாள் பவர் பத்திரமாகும், இல்லை கடன் பத்திரமாகும், வீட்டை விற்ற ஒப்பந்தமாகவும் ஆகலாம். அம்மா ஏற்கெனவே ரேகை வைத்துவிட்டார் என்றால் இன்றைக்கே போலீசில் ஒரு ரிப்போர்ட் கொடுத்துவிடுங்கள்.

சித்தப்பாவின் எஸ்டேட் டூட்டிக்கும் வருவோம். அவர் பொய் சொல்லவில்லை, பழசைச் சொல்கிறார். இறந்தவர் சொத்தின்மேல் அந்தப் பெயரில் வரி இருந்தது. 1991 நவம்பர் 1 முதல் அது இல்லை. (அவர் தோட்டத்தில் ஜாகா வேலை பார்த்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். எஸ்டேட் டூட்டி என்றதும் அவருக்கு ராத்திரிக் காவல் ஞாபகம் வராததே பெரிது.)

சங்கப் பங்கும் லயத்து வீடும்

மைலோ டின் ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுக்கொண்டு போக, வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்க, நம்மவர்கள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். அப்போது மலேசிய இந்தியர்களின் அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கியதுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய பணத்தில் தோட்டங்களை வாங்கியது. அவர் சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் என்பதால் உங்கள் ஊரில் அந்தப் பேச்சு பெரிதாகவே இருந்திருக்கும். “நாமும் தோட்டத்துக்குச் சொந்தக்காரர்தான்” என்று அப்பா சொன்னதாக அம்மா நினைவுகூர்கிறார் அல்லவா, அது அந்தக் காலத்துப் பெருமை.

சட்டத்தில் அந்தப் பெருமைக்கு ஓர் எல்லை உண்டு. மரமும் மண்ணும் சங்கத்தின் பேரில். அப்பாவுக்கு இருப்பது சங்கத்தில் பங்கு. ‘இந்த மூன்று ஏக்கர் எங்களுடையது’ என்று போய் வேலி போட முடியாது. பங்கின் மதிப்பும் வராத ஈவுத்தொகை இருந்தால் அதுவும்தான் கிடைக்கும். ரசீது எண்களைக் குறித்துக்கொண்டு, ரசீது எந்தச் சங்கத்தின் பேரில் இருக்கிறதோ அங்கே எழுத்தில் கேளுங்கள்: உறுப்பினர் கணக்கு இன்னும் நடப்பில் இருக்கிறதா, நாமினியாக யார் பெயரைக் கொடுத்திருந்தார் என்று. ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதியிலும் மிச்சம் ஏதாவது உண்டா, நாமினி யார் என்று கேளுங்கள். முஸ்லிம் அல்லாதவர் நாமினி எழுதியிருந்தால் அந்தப் பணம் நேராக அந்த நாமினிக்கே போகும், மற்றவர்களோடு பங்குக்கு வராது.

‘இத்தனை ஆண்டு இருந்த லயத்து வீடு நமக்குச் சொந்தமாகாதா’ என்று பெரிய தம்பி கேட்டது வேறு விஷயம். 38 ஆண்டு குடியிருந்தாலும் அதனாலேயே அது சொந்தமாகாது. எத்தனை காலம் அனுபவித்தாலும் அனுபவத்தால் மட்டும் நிலத்துக்கு உரிமை வராது என்பதுதான் 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் நிலை. அந்த வாசலில் வைத்த முருங்கையும் கருவேப்பிலையும் இன்னும் நிற்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் நம்பிக்கை கொடுத்து உங்களைக் கோர்ட்டுக்கு இழுப்பது சரியில்லை.

யாருக்கு எவ்வளவு

உயில் இல்லாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்து தீபகற்பத்தில் 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டப்படி பிரியும். இறந்தவரின் தாய் தந்தை உயிரோடு இல்லை, மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளைகளுக்குள் மகன் மகள், மூத்தவர் இளையவர், கட்டிக்கொடுத்தவர் கட்டிக்கொடுக்காதவர் என்ற பேதமே இல்லை. கடன், செலவு போக 135,000 ரிங்கிட் மிஞ்சுகிறது என்று வையுங்கள். அம்மாவுக்கு 45,000, உங்கள் மூவருக்கும் ஆளுக்கு 30,000. சித்தப்பாவுக்கு ஒன்றும் இல்லை. இதை அவரிடம் நீங்கள் சொல்வதைவிட அம்மா சொன்னால் நல்லது.

அம்மாவின் திருமணப் பத்திரம்தான் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது; அதற்கு மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலத் திருமணச் சடங்கில் திருமணத்தையே ‘ஹோலி எஸ்டேட்’ என்பார்கள், புனிதமான நிலை என்று. பழைய அர்த்தம் அங்கே இன்னும் பிழைத்துக் கிடக்கிறது. உங்கள் அம்மாவின் திருமணம் 1978இல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. பதிவைக் கட்டாயமாக்கிய திருமணம், மணவிலக்குச் சட்டம் நடப்புக்கு வந்தது 1982 மார்ச் 1. அதற்கு முன் நம் வழக்கப்படி நடந்த திருமணங்களைப் பதிவான திருமணங்களாகவே அந்தச் சட்டம் ஏற்கிறது. ஆகவே பத்திரம் இல்லை என்பதால் அம்மா மனைவி இல்லை என்று ஆகாது. திருமணம் நடந்ததைக் காட்டினால் போதும். உங்கள் மூவரின் பிறப்புப் பத்திரங்களில் இருவர் பெயரும் இருக்கிறது. கல்யாணப் போட்டோ கறுப்பு வெள்ளையில் ஒன்று இருக்கிறதாம். பந்தலில் இருந்த பெரியவர் ஒருவர் சத்தியப் பிரமாணம் கொடுத்தால் இன்னும் பலம். பார்க்கப்போனால் அந்தப் பெரியவர் சித்தப்பாவே. தாலி முடிச்சுப் போட்டபோது பக்கத்தில் நின்றவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்!

கடன் விஷயத்துக்குப் பதில் சுருக்கம்தான். 6,200 ரிங்கிட்டை எஸ்டேட் கட்டும், அதாவது அப்பா விட்டுப்போனதிலிருந்து கட்டப்படும். பிள்ளைகள் ஜாமீன் கையெழுத்துப் போடாத வரைக்கும் உங்கள் சம்பளத்தில் கை வைக்க முடியாது. ஆனால் ‘நான் பொறுப்பேற்கிறேன்’ என்று புதிதாக எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இறப்புப் பத்திர நகலை இணைத்து, நிர்வாகி நியமனத்துக்கு மனுச் செய்கிறோம் என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். அந்தக் கடனுக்குக் காப்புறுதி இருந்ததா என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள், பல கடன்களில் இருக்கும்.

இனிப் போக வேண்டிய இடம்

சொத்தில் வீடோ நிலமோ இருந்து, மொத்த மதிப்பு ஓர் அளவைத் தாண்டாவிட்டால் சட்டத்தில் அதற்கு ‘ஸ்மால் எஸ்டேட்’ என்று பெயர். 100 ஏக்கர் கணக்கோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்த அளவு 20 லட்சம் ரிங்கிட்டாக இருந்தது, 2024இல் 50 லட்சமாக உயர்த்தினார்கள். உங்களுடையது அதற்குள் பல முறை அடங்கும். ஆகவே உயர்நீதிமன்றம் வேண்டாம், நிலத் துறையின் புசாக்காப் பிரிவே போதும். அங்கே போராங் ஏ என்ற மனுவை நிரப்ப வேண்டும். இறப்புப் பத்திரம், எல்லாருடைய அடையாள அட்டை, பிறப்புப் பத்திரங்கள், வீட்டின் கிரான் (உரிமைப் பத்திரம்), நிலவரி ரசீது, பேங்க்குப் புத்தகம், சங்க ரசீது எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் சின்னது. வழக்கறிஞர் இல்லாமலே செய்யலாம். இதை எழுதி என் பிழைப்பைக் கெடுத்துக்கொள்கிறேன், பரவாயில்லை. பிறகு விசாரணைத் தேதி வரும். வாரிசுகள் எல்லாரும் போக வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் சின்னத் தம்பியால் வர முடியாவிட்டால் ஒப்புதலை எழுத்தில் கொடுக்கலாம்.

அங்கே அதிகாரி முன்னால் உங்களுக்குள் வேறு மாதிரியும் பேசி முடித்துக்கொள்ளலாம். பிள்ளைகள் மூவரும் பங்கை விட்டுக்கொடுத்து வீட்டை முழுதாக அம்மா பேரில் மாற்றுவது உண்டு. அம்மாவுக்குப் பாதுகாப்பு என்று பார்த்தால் எனக்கு அதுதான் பிடித்த வழி. ஆனால் விட்டுக்கொடுத்த பிறகு அந்தப் பங்கைத் திரும்பக் கேட்க முடியாது, அம்மா நாளைக்கு யாருக்கு எழுதுவார் என்பதும் அவர் விருப்பம். பெரிய தம்பிக்குக் கடன் நெருக்கடி என்று எழுதியிருக்கிறீர்கள். அவரைத் தியாகத்துக்கு வற்புறுத்தாதீர்கள், பத்து ஆண்டு கழித்து அது வேறு வடிவத்தில் திரும்பிவரும். பெயரைப் பங்குப்படி கிரானில் ஏற்றிவிட்டு, அம்மா இருக்கும்வரை விற்பதில்லை என்று உங்களுக்குள் எழுதிக்கொள்வது இன்னொரு வழி. எதுவானாலும் தேதிக்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். அதிகாரி முன்னால் அழுகையும் சத்தமும் வந்தால் தேதி தள்ளிப்போகும்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், பள்ளியில் படிவம் ஐந்தில் படிக்கும் உங்கள் மகள் தன் கையால் ஒரு கேள்வி எழுதியிருக்கிறாள்: “பத்திரிகையை நாலாவது எஸ்டேட் என்கிறார்களே, மற்ற மூன்றும் எங்கே?” தாத்தா இருந்திருந்தால் தோட்டத்தின் நாலாவது டிவிஷனுக்கு வழி காட்டியிருப்பார். இதில் வருவது பழைய ‘நிலை’ என்ற அர்த்தம்தான். பழைய ஐரோப்பாவில் சமூகத்தை மூன்று நிலையாகப் பிரித்து வைத்திருந்தார்கள்: குருமார், பிரபுக்கள், மற்ற சனங்கள். 1789இல் பிரெஞ்சு அரசர் கூட்டிய சபையில்கூட மூன்றுக்கும் தனித்தனி இருக்கை. பிறகு இங்கிலாந்தில் பத்திரிகைக்காரர்களுக்கும் அந்த அளவு செல்வாக்கு வந்துவிட்டது என்று சொல்ல நாலாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். அவளிடம் சொல்லுங்கள், மூன்றாவது எஸ்டேட்டில்தான் வரி கட்டிக் கட்டி மாய்ந்த சனங்கள் எல்லாம் இருந்தார்கள். புரட்சியும் அங்கிருந்துதான் கிளம்பியது.